இன்னுமா படிக்கிறீங்க, டாக்டர் தம்பி?

கொஞ்சம் நீளமான இழை. ஞாயிற்றுக்கிழமைதானே, டீயோட உக்காந்து படிங்க. வழக்கமா நோய், மருந்து பத்தி எழுதுறவன் இன்னிக்கு வரலாறு எழுதப்போறேன். எல்லாம் நம்ம திண்டுக்கல்லைச் சுத்தி நடந்ததுதான்.

போன மாசம் நடந்த விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். நாகல் நகர்ல என் கிளினிக். மதியம், கூட்டம் இல்லாத நேரம். போன்ல ஒரு இ.சி.ஜி. வகுப்பு ஓடிட்டு இருந்தது. நான் நோட்டுல குறிப்பு எடுத்துட்டு இருந்தேன். சுகர் மாத்திரை எழுதி வாங்க வந்த பெரியவர் வாசல்லயே நின்னு பார்த்தார். 78 வயசு. ஐம்பது வருஷம் தறியில உக்காந்தவர்.

"இன்னுமா படிக்கிறீங்க, டாக்டர் தம்பி?"

கேலி இல்லை. குரல்ல ஒரு கவலைதான் இருந்தது. இத்தனை வருஷமா இவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத்தானே சாப்பிடுறோம், இவர் இன்னும் படிச்சே முடிக்கலையாங்கிற கவலை.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? போனைக் கவுத்து வெச்சுட்டு, "சும்மா பாட்டு கேட்டுட்டு இருந்தேன் ஐயா"ன்னு சொல்லிட்டேன்.

ஐம்பது வயசைத் தாண்டின மருத்துவர் ஒருத்தர், படிக்கிறதை மறைச்சு, பாட்டு கேட்டேன்னு பொய் சொல்றார். ஏன்? அன்னிக்கு ராத்திரி முழுக்க இதேதான் மண்டைக்குள்ள ஓடிச்சு.

நம்ம பேச்சையே கவனிங்க. "பையன் என்ன பண்றான்?" "படிச்சு முடிச்சுட்டான்." நமக்குப் படிப்புங்கிறது கட்டி முடிக்கிற வீடு மாதிரி. கிரகப்பிரவேசம் ஆன வீட்டுக்குள்ள மறுபடி கொத்தனார் போனா, பக்கத்து வீட்டுக்காரர் என்ன கேப்பார்? "என்னங்க, விரிசல் விட்டுருச்சா?" வேலையில இருக்கிற ஒருத்தர் மறுபடி புத்தகத்தை எடுத்தா ஊர் கேக்குறதும் அதேதான்.

இது வெறும் பேச்சு வழக்கு பத்தின விஷயமா இருந்தா நான் இவ்வளவு நீளமா எழுத மாட்டேன். ஒரு அம்மாவோட வலது கை இதுல போயிருக்கு. அதைச் சொல்லிட்டுத்தான் வரலாறுக்கு வரணும்.

நான் எம்.பி.பி.எஸ். படிச்சது 1990-கள்ல. அப்ப பி.பி. எகிறிப்போய் வர்றவங்களுக்கு ஒரு வழக்கமான வைத்தியம் இருந்தது. நிஃபெடிபின்னு ஒரு மருந்து, ஜெலட்டின் கேப்ஸ்யூலுக்குள்ள திரவமா இருக்கும். ஊசியால ஒரு குத்து குத்தி, நாக்குக்கு அடியில பிழிஞ்சு விடுவோம். 200-ல இருந்த பி.பி. கண்ணு முன்னாடி இறங்கும். பார்க்குறதுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். நோயாளியோட சொந்தக்காரங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க. சீனியர்கள் செஞ்சாங்க, நாங்க பார்த்தோம், நாங்களும் செஞ்சோம்.

ஆனா அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. ஆலோசனைக் குழு 1985-லேயே இந்த முறையை ஏத்துக்கலை. 1996-ல் 'ஜாமா' மருத்துவ இதழ்ல கிராஸ்மன் என்பவரும் அவர் சகாக்களும் எழுதின கட்டுரை, இந்தப் பழக்கத்தையே நிறுத்தி வைக்கணும்னு கேட்டுச்சு. காரணம் எளிமையானது. சொட்டு உள்ள போனபிறகு பி.பி. எங்க போய் நிக்கும்ங்கிறது நம்ம கையில இல்லை. பல வருஷமா உயர் அழுத்தத்துக்குப் பழகின மூளைக்கு, அழுத்தம் திடீர்னு சரிஞ்சா போதுமான ரத்தம் போகாது. பக்கவாதம், மாரடைப்பு, மரணம் வரைக்கும் பதிவாகி இருந்தது.

கட்டுரை வந்தது 1996. நான் நாகல் நகர்ல உக்காந்து அதே சொட்டை விட்டது 2002.

அறுபது வயசு அம்மா. நூல் சுத்துற வேலை. லேசான தலைவலின்னு வந்தாங்க. பி.பி. 210/120. சொட்டு விட்டேன். அரை மணி நேரத்துல மேல் அளவே 100-க்குக் கீழ போயிருச்சு. கண் சொருகிச்சு, பேச்சு குளறிச்சு, வலது கை தொங்கிருச்சு. உடனே மதுரைக்கு அனுப்பினோம். உயிர் பிழைச்சாங்க. கை திரும்பலை. அதுக்கப்புறம் அந்தக் கை டம்ளரைக்கூடத் தூக்கலை.

அந்த மருந்தாலதான்னு நிரூபிக்க முடியாது. அவ்வளவு பி.பி. இருந்தா தானாவே பக்கவாதம் வந்திருக்கலாம்னு வாதாடலாம். நானும் எனக்குள்ள ரெண்டு வருஷம் அப்படித்தான் வாதாடிட்டு இருந்தேன். 2004-ல் ஒரு கருத்தரங்குல, டீ இடைவேளையில, என்னைவிடப் பத்து வயசு இளைய மருத்துவர் ஒருத்தர், "இன்னுமா சார் அதைப் பண்றீங்க?"ன்னு கேட்டார். அன்னிக்கு ராத்திரிதான் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிச்சேன். வெளிவந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் குடும்பத்துக்கிட்ட சொன்னேனா? இல்லை. அந்த அம்மா இப்ப இல்லை. அவங்க மகன் இன்னமும் என்கிட்டதான் வர்றார். இதை எழுதுறதுக்கு முன்னாடி, போன வாரம்தான் அவர்கிட்ட சொன்னேன். அவர் என்ன சொன்னார்ங்கிறதை இங்க எழுதப்போறதில்லை.

(ஒரு முக்கியமான குறிப்பு: மெதுவா வேலை செய்யுற நிஃபெடிபின் மாத்திரை வேற கதை. அது இன்னிக்கும் நல்ல மருந்து. இதைப் படிச்சுட்டு யாரும் தானா மாத்திரையை நிறுத்திடாதீங்க.)

"வயசான டாக்டர், கைராசிக்காரர்"னு தேடிப்போறவங்க நாம. 2005-ல் 'அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழ்ல சௌத்ரி குழுவினரோட ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்தது. மருத்துவரோட அனுபவ வருஷத்துக்கும் சிகிச்சைத் தரத்துக்கும் என்ன தொடர்புன்னு 62 மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தாங்க. அதுல 32-ல், அதாவது பாதிக்கு மேல, வருஷம் கூடக்கூட எல்லா அளவுகோல்லயும் தரம் குறைஞ்சிருந்தது. எனக்கு இது அதிர்ச்சியா இல்லை. அந்த 32-க்குள்ள நானும் ஒருத்தனா இருந்திருக்கேன்.

சரி, வரலாறு.

திண்டுக்கல்ல இருந்து மதுரை ரோட்டுல பஸ் ஏறினா அரை மணி நேரத்துல சின்னாளபட்டி. அம்பாத்துரை ரயில் நிலையத்தை ஒட்டி காந்திகிராமம். நம்மள்ல பாதிப் பேர் கல்லூரி விண்ணப்பம் வாங்க அங்க போயிருப்போம். அதைத் தொடங்கின ரெண்டு பேர்ல ஒருத்தர் டாக்டர் சௌந்தரம், இன்னொருத்தர் ஜி. ராமச்சந்திரன்.

சௌந்தரம் அம்மா 1904-ல் பிறந்தவங்க. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்காரோட மகள். சின்ன வயசுலேயே திருமணம். கணவர் சௌந்தரராஜன் ஒரு மருத்துவர். பிளேக் நோயாளிகளைப் பார்க்கப்போய், தானே தொற்று வந்து இறந்துபோனார். அந்தக் காலத்துல அந்த மாதிரி குடும்பத்துல ஒரு இளம் விதவைக்கு என்ன எதிர்காலம்னு உங்களுக்கே தெரியும்.

அவங்க டெல்லி போய், லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில சேர்ந்தாங்க. அங்க சுசீலா நய்யாரோட நட்பு, அது வழியா காந்தியோட தொடர்பு. 1936-ல் மருத்துவப் பட்டம். அப்ப கிட்டத்தட்ட 32 வயசு. அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு 32 வயசுன்னா மூத்த பொண்ணுக்கு வரன் பார்க்கிற வயசு.

1940-ல் ராமச்சந்திரனோட மறுமணம். 1947-ல் காந்திகிராமம். சின்னாளபட்டியில ரெண்டு படுக்கையோட ஆரம்பிச்ச சின்ன மருத்துவ இடம்தான் பின்னாடி கஸ்தூரிபா மருத்துவமனை ஆச்சு. 1952-ல் ஆத்தூர் தொகுதி எம்.எல்.ஏ., 1957-ல் வேடசந்தூர், 1962-ல் திண்டுக்கல் எம்.பி., அதோட நேரு அமைச்சரவையில கல்வித் துறை துணை அமைச்சர். மருத்துவர் கடைசியில வந்து சேர்ந்தது கல்வித் துறைக்கு.

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் "மன உறுதி"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுடுவாங்க. எனக்கு அதுல முழு சம்மதம் இல்லை. உறுதி இருந்தது, மறுக்கலை. கூடவே, டெல்லிக்கு அனுப்ப வசதியும் மனசும் உள்ள அப்பா இருந்தார். அதே வருஷங்கள்ல, அதே உறுதியோட, நாகல் நகர்லயும் சின்னாளபட்டியிலயும் தறிக்குப் பக்கத்துல உக்காந்து தார் சுத்தின இளம் விதவைகள் எத்தனை பேரோ. வரலாறு அவங்க பேரைக் குறிச்சு வைக்கலை.

சௌந்தரம் அம்மாவுக்கு இது தெரிஞ்சிருக்குன்னு நான் நினைக்கிறேன். அவங்க அடுத்து செஞ்சது அதைத்தான் காட்டுது. 1959-ல் ஆத்தூர் வட்டாரத்துல ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் காந்திகிராமத்துல இருந்து தொடங்கிச்சு. 1964-ல் அது கிராம சுகாதார நிறுவனமா வளர்ந்தது. அங்க நடக்குற முக்கியமான வேலைகள்ல ஒண்ணு, ஏற்கெனவே வேலையில இருக்கிற சுகாதாரப் பணியாளர்களைக் கூப்பிட்டு மறுபடி பயிற்சி கொடுக்கிறது. கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர்னு பல வருஷம் வேலை பார்த்தவங்க வந்து பெஞ்சுல உக்காருவாங்க.

அவங்க யாரும் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. ரெண்டு மூணு தடவை வகுப்பு எடுக்கப் போயிருக்கேன். ஐம்பத்தஞ்சு வயசு செவிலியர் அக்கா முதல் வரிசையில உக்காந்து, "சார், போன தடவை வேற மாதிரி சொன்னாங்களே, ஏன் மாத்தினீங்க?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியை ஒரு கூட்டத்துல எழுந்து கேக்குற தைரியம் எனக்கு இன்னிக்கும் பாதிதான் உண்டு.

ஏன் இந்த வித்தியாசம்? அவங்களுக்குப் பயிற்சிங்கிறது வேலையில ஒரு பகுதி. அன்னிக்குச் சம்பளம் உண்டு. "உனக்குத் தெரியலை, அதனால வா"ன்னு யாரும் கூப்பிடலை. எல்லாருக்கும் முறை வரும், உங்க முறை வந்திருக்குன்னு கூப்பிடுறாங்க. தனியா கிளினிக் வெச்சிருக்கிற எனக்கு அந்த ரெண்டும் இல்லை. ஒரு நாள் பூட்டினா வருமானம் போகும், "டாக்டர் எங்க போனார்?"னு கேள்வி வரும்.

இதே சங்கடத்தை ஒரு தலைமுறை மருத்துவர்கள் மொத்தமா சந்திச்சிருக்காங்க. அது பலருக்குத் தெரியாது.

உங்க தாத்தா பாட்டிகிட்ட கேளுங்க, "எல்.எம்.பி. டாக்டர்"னு சொல்வாங்க. பட்டம் இல்லாம, மருத்துவப் பள்ளிகள்ல படிச்சு, உரிமம் வாங்கித் தொழில் செஞ்சவங்க. சென்னை ராயபுரம் மருத்துவப் பள்ளி அப்படி ஒண்ணு. 1933-ல் ஸ்டான்லி பள்ளின்னு பேர் மாறி, 1938-ல் கல்லூரியாச்சு. அரசு வேலையில எம்.பி.பி.எஸ். படிச்சவர் 'அசிஸ்டன்ட் சர்ஜன்'னா, இவங்க அதுக்குக் கீழ 'சப் அசிஸ்டன்ட் சர்ஜன்'.

1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கை (சர் ஜோசப் போர், சண்டை இல்லை) கணக்குப்படி, பிரிட்டிஷ் இந்தியாவுல பதிவு பெற்ற மருத்துவர்கள் 47,524 பேர். அதுல பட்டதாரிகள் 17,654. மீதி 29,870 பேர் இந்த உரிம மருத்துவர்கள். அதாவது நாட்டோட மருத்துவத்தை முதுகுல சுமந்தவங்களே அவங்கதான். அறிக்கை என்ன சொல்லிச்சு? இனிமே ஒரே ஒரு படிப்புதான், எம்.பி.பி.எஸ். மட்டும். கமிட்டிக்குள்ளேயே சிலர் எதிர்த்து தனிக் குறிப்பு எழுதினாங்க. கிராமத்துக்கு யார் போவாங்கங்கிறது அவங்க கவலை. எல்.எம்.பி.யை மூடினது சரியாங்கிற வாதம் இன்னிக்கு வரைக்கும் தீரலை. அது தனி இழைக்கான விஷயம்.

சென்னை மாகாணத்துல இது முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. 1938-ல் அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்த முடிவெடுத்தப்ப, வேலூர்ல ஐடா ஸ்கட்டர் நடத்தின பெண்கள் மருத்துவப் பள்ளி ஒண்ணு மூடணும், இல்லைன்னா கல்லூரியா உயரணும். ஐடாவுக்கு அப்ப எழுபதை நெருங்குற வயசு. அமெரிக்கா போய் நிதி திரட்டினார். 1942-ல் அங்க எம்.பி.பி.எஸ். தொடங்கிச்சு.

பள்ளிகளுக்கு ஒரு வழி கிடைச்சது. ஏற்கெனவே தொழில்ல இருந்த மனுஷங்க? அவங்களுக்குச் சுருக்கப்பட்ட எம்.பி.பி.எஸ்.னு ஒரு படிப்பு திறந்துவிட்டாங்க. பத்து பதினைஞ்சு வருஷம் பிரசவம் பார்த்து, காலரா பார்த்து, மலேரியா பார்த்தவர் மறுபடி விடுதியில தங்கி, பத்தொன்பது வயசுப் பசங்களோட பாடம் கேட்டு, தன்னைவிட இளைய ஆசிரியர் முன்னாடி வாய்மொழித் தேர்வுக்கு நிக்கணும்.

எங்க அப்பா சின்ன வயசுல பார்த்த ஒரு எல்.எம்.பி. டாக்டர் பத்தி அடிக்கடி சொல்வார். நாற்பது வயசுல கிளினிக்கைப் பூட்டிட்டு மெட்ராஸ் போனாராம். ஊர் என்ன பேசிச்சுன்னா, "அவர் அரைகுறை டாக்டராம்பா, அதான் சர்க்காரே கூப்பிட்டு மறுபடி படிக்கச் சொல்லிருக்கு." திரும்பி வந்து போர்டுல எழுத்தை மாத்தினார். போனப்ப இருந்த நோயாளிகள்ல பாதிப் பேர் அதுக்குள்ள வேற இடம் பார்த்துக்கிட்டாங்க. போகாம ஊரோட இருந்துட்ட இன்னொரு எல்.எம்.பி. கிளினிக்ல கூட்டம் குறையவே இல்லையாம். அப்பா இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

மருத்துவர்களை விடுங்க. 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் (காமராசர் பேர் பின்னாடிதான் வந்தது) அஞ்சல்வழிக் கல்வி ஆரம்பிச்சது. நம்ம மாவட்டத்துல எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பேங்க் கிளார்க்குகள், எத்தனை பஸ் கண்டக்டர்கள் அதுல படிச்சு மேல வந்தாங்க! பகல்ல வேலை, ராத்திரி தபால்ல வந்த பாடம், லீவு போட்டுப் பரீட்சை. அதுக்கு நாம கொடுத்த மரியாதை என்ன? "ரெகுலரா, கரஸா?" கரஸ்னு சொன்னதும் கேட்டவர் முகம் ஒரு இஞ்ச் இறங்கும். யோசிச்சுப் பார்த்தா, வேலையும் பார்த்து, குடும்பத்தையும் பார்த்து, யாரும் கட்டாயப்படுத்தாம படிச்சவர்தான் உசத்தி. நாம தலைகீழா மதிப்புப் போட்டு வெச்சிருக்கோம்.

இப்ப எங்க பார்த்தாலும் "அறிவுப் பொருளாதாரம், கத்துக்கிட்டே இருங்க, இல்லைன்னா காணாம போயிடுவீங்க"ன்னு பேச்சு. சொல்றவங்க பெரும்பாலும் மாசச் சம்பளக்காரங்க. நூற்பு ஆலையில ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்ற பொண்ணுகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. "மனப்பான்மை சரியில்லை"ன்னு தனி மனுஷன் தலையில கட்டுறது சுலபம். அந்த ரெண்டு மணி நேரத்துக்கான கூலியை யார் கொடுக்குறாங்கன்னு கேட்டா பேச்சு அடங்கிரும்.

மருத்துவர்களுக்கு விதி இருக்கு, சொல்லிடுறேன். 2002-ல் வந்த மருத்துவக் கவுன்சில் நெறிமுறைப்படி அஞ்சு வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி. கணக்குப் போட்டா மாசத்துக்கு அரை மணி நேரம். 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகள் கொண்டுவந்து, அதே மாசத்துல நிறுத்தி வெச்சது. அந்த 30 மணி நேரம்கூட எப்படிக் கழியுதுன்னா, காலையில கையெழுத்து, ஒரு பை, ரெண்டு உரை, அப்புறம் பிரியாணி. நம்ம ஊர்ல பிரியாணி நல்லாருக்கும்ங்கிறதால வருகை குறையுறதே இல்லை. நானும் பை வாங்கியிருக்கேன். வீட்டுல ஏழு பை இருக்கு.

சரி, பெரியவர்கிட்ட வர்றேன். அடுத்த மாசம் மாத்திரைக்கு வந்தப்ப உண்மையைச் சொன்னேன். "ஐயா, அன்னிக்குப் பாட்டு கேக்கலை. படிச்சுட்டுத்தான் இருந்தேன்."

"அது தெரியும் தம்பி. பாட்டுக்கு யாராச்சும் நோட்டுல எழுதுவாங்களா?"

அப்புறம் அவர் கதையை எடுத்தார். நாற்பது வயசு வரைக்கும் சாதாச் சேலைதான் நெஞ்சாராம். அப்புறம் முதலாளி ஜக்கார்டு பெட்டி வெச்ச தறியிலதான் வேலைன்னு சொல்லிட்டாராம். அட்டை கோர்க்கவும் தெரியாது, பெட்டி கட்டவும் தெரியாது. மூணு தெரு தள்ளி ஒரு பையனுக்குத் தெரியும், வயசு இருபத்திரெண்டு. பகல்ல போனா, "இவனுக்குத் தறி தெரியாதுபோல"ன்னு ஊர் பேசும்னு ராத்திரி சாப்பிட்டபிறகு போவாராம். ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசம் தறி சரியா ஓடலை, கூலி இல்லை. வீட்டம்மா சங்கிலியை அடகு வெச்சுத்தான் அரிசி வாங்கினாங்களாம்.

"வீட்டுல அவ ஒருத்திக்குத்தான் தெரியும். கேட்டவங்ககிட்ட எல்லாம் சீட்டாடப் போறேன்னு சொல்லி வெச்சிருந்தேன்"னார்.

நான் பாட்டு. அவர் சீட்டாட்டம்.

சங்கிலியை மீட்டாங்களான்னு கேட்டேன். ஒன்றரை வருஷம் ஆச்சாம்.

இந்த மாசத்துல இருந்து கிளினிக் வாசல்ல ஒரு போர்டு மாட்டியிருக்கேன். "வியாழக்கிழமை மதியம் 2 முதல் 4 வரை டாக்டர் படிக்கிறார். அவசரம் என்றால் மணி அடிக்கவும்." எங்க நர்ஸ் பொண்ணுக்கும் அந்த ரெண்டு மணி நேரம் சம்பளத்தோட படிப்பு நேரம்தான். பத்து வருஷமா என்கிட்ட வேலை பார்க்குது. இப்ப பி.ஏ. விண்ணப்பம் போட்டிருக்கு, கரஸ்லதான்.

முதல் வாரம் ரெண்டு பேர் போர்டைப் படிச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. ஒருத்தர் இன்னும் வரலை. ரெண்டாவது வாரம் ஒரு பாட்டி மணி அடிச்சாங்க. அவசரம் ஒண்ணும் இல்லை. போர்டைப் பேரன் வாசிச்சுக் காட்டினானாம். நர்ஸ்கிட்ட மெதுவா கேட்டிருக்காங்க:

"டாக்டருக்கு எப்பம்மா பரீட்சை? பாஸாயிடுவாரா?"